ஆம்ப்ளிஃபயரா, அடுப்பா? – கார் பாட்டின் சூடான வரலாறு

மே மாசம் பிம்ப்ரியில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, வெயிலில் நிறுத்தின காரின் ஸ்டியரிங்கை மதியம் கையால் தொட முடியாது. இன்னொன்று, பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஊருக்குக் கிளம்பியே ஆக வேண்டும். எங்களுக்கு ஊர் என்றால் சங்கரன்கோவில் பக்கம். சதாரா, கோலாப்பூர், ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூர், சேலம், மதுரை என்று கிட்டத்தட்ட ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். ரயில் டிக்கெட் கிடைக்காத வருஷங்களில் கார்தான் கதி.

2009 மே. அப்பா இரண்டு மாசம் எங்களோடு இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார். அவரைக் கொண்டுபோய் விட நாங்கள் நான்கு பேரும் கிளம்பினோம். அதற்குப் பத்து நாள் முன்னால்தான் எங்கள் பழைய இண்டிகாவில் ஒரு சப்வூஃபரும், அதை ஓட்ட ஒரு ஆம்ப்ளிஃபயரும் மாட்டியிருந்தேன்.

எனக்காக இல்லை. அப்பாவுக்காக.

அப்பா ஊரில் முப்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழேயே உட்கார்ந்து உட்கார்ந்து காது மந்தமாகிவிட்டது. இரைச்சலால் கெடும் காதில் முதலில் போவது உச்ச சத்தங்கள். ச, ஸ மாதிரி எழுத்துகள், ஜால்ரா, புல்லாங்குழல் எல்லாம் போய்விடும். அடி சத்தம் ரொம்ப நாள் நிற்கும். அதனால் டிவியில் பாட்டு போட்டால் அவருக்கு அது வெறும் முணுமுணுப்பு. ஒரு நாள் நண்பர் ஒருவரின் காரில் போகும்போது பின்சீட்டுக்குப் பின்னால் சப்வூஃபர் அடிக்க, அப்பா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். "ஏல, இது கேக்குதுல" என்றார். அடுத்த வாரமே கடைக்குப் போய்விட்டேன்.

சித்ரதுர்கா தாண்டி மதியம் இரண்டு மணி வாக்கில் சப்வூஃபர் நின்றது. இருபது நிமிஷம் கழித்துத் தானாக வந்தது. மறுபடி நின்றது. மூன்றாவது தடவை லேசாக ஒரு கருகல் வாடை. ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டி டிக்கியைத் திறந்தோம். ஆம்ப்ளிஃபயர் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், விரிப்புக்கு அடியில், எங்கள் பெட்டிகளுக்குக் கீழே கிடந்தது. அப்பா குனிந்து உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"ஏல, இது என்ன ஆம்ப்ளிஃபயரா, அடுப்பா?"

பிறகு பானட்டைத் திறக்கச் சொன்னார். பேட்டரியிலிருந்து வரும் ஒயர் பென்சிலை விட ஒல்லி. அதன் மேல் தோல் இளகி, விரலில் ஒட்டியது. பேட்டரி பக்கம் ஃப்யூஸே இல்லை. மாட்டிக் கொடுத்த கடையின் பெயர் இங்கே வேண்டாம். பேட்டரி முனையில் ஒயரைக் கழற்றி டேப் சுற்றினோம். மீதி எழுநூறு சொச்சம் கிலோமீட்டரும் பாட்டு இல்லாமல்தான் போனோம். பின்சீட்டில் என் இரண்டு பிள்ளைகளும் தூங்கிக் கொண்டிருந்தார்கள். அந்த ஒயர் அவர்கள் காலுக்குக் கீழேதான் போயிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அந்தக் கோடையில் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கார் பாட்டின் தொண்ணூறு வருஷக் கதை முழுக்க, சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கதைதான் என்று புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள் :-)

வால்வு காலம்

1930-ல் சிகாகோவில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் காருக்கென்று ஒரு ரேடியோவை விற்க ஆரம்பித்தது. அதற்கு வைத்த பெயர் மோட்டோரோலா. பின்னால் நிறுவனமே அந்தப் பெயருக்கு மாறியது. அந்த வேலையில் கை கொடுத்தவர்களில் ஒருவர் பில் லியர். பிற்காலத்தில் லியர்ஜெட் விமானம் செய்தவர் இவர்தான். ஐரோப்பாவில் 1932-ல் ப்ளாபுங்க்ட் ஏஎஸ் 5 வந்தது. எடை 15 கிலோ. ரேடியோவைத் தூக்கவே ஆள் வேண்டும்.

அன்றைய சிக்கல் இதுதான். வால்வுக்கு இரண்டு வகை மின்சாரம் தேவை. உள்ளே இருக்கும் இழையைப் பழுக்கக் காய்ச்ச குறைந்த வோல்ட் போதும். சத்தத்தைப் பெருக்க 200 வோல்ட் மாதிரி வேண்டும். அப்போதைய கார் பேட்டரியோ 6 வோல்ட். ஆரம்பத்தில் காரின் தரைப் பலகைக்கு அடியில் தனி பேட்டரிகளை அடுக்கினார்கள். கொஞ்ச காலத்தில் வைப்ரேட்டர் வந்தது. காலிங் பெல் மாதிரி ஒரு தகடு வினாடிக்கு நூறு முறை போல துடித்து, பேட்டரி மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும். வெட்டுப்பட்டதை டிரான்ஸ்ஃபார்மர் உயர்த்தும். இந்த வித்தையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு திரும்பி வரும்.

வால்வு சூடாகத்தான் வேலை செய்யும். சூடு அதற்கு வியாதி இல்லை, சாப்பாடு. அப்பாவின் முதல் செட்டும் வால்வு ஆம்ப்ளிஃபயர்தான். மார்கழி விடியக்காலையில் கோயிலில் பாட்டு போடும்போது அதன் பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதன் மேல் துணி போட்டால் மட்டும் அடி விழும்.

டிரான்சிஸ்டர் வந்தது, சூடு எதிரியானது

1955-ல் க்ரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவை அறிவித்தார்கள். 1956 மாடல் கார்களுக்கு அது கூடுதல் விலைக்குக் கிடைத்தது, 150 டாலர். வைப்ரேட்டர் வேண்டாம், 200 வோல்ட் வேண்டாம், காத்திருக்க வேண்டாம், ஸ்விட்சைப் போட்டதும் பாட்டு.

ஆனால் டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது. அன்றைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் ரொம்பவே மென்மையானவை. சூடானால் அதிக கரண்ட் ஓடும், அதிக கரண்ட் ஓடினால் இன்னும் சூடாகும், கடைசியில் தன்னைத் தானே எரித்துக் கொள்ளும். பின்னால் வந்த சிலிக்கன் அதைவிட நிறைய தாங்கும். என்றாலும் இந்தச் சுழல் முழுசாகப் போகவில்லை. அலுமினியப் பட்டைகள் வைத்த ஹீட் சிங்க் கார் ரேடியோவின் முதுகில் ஏறியது இப்படித்தான்.

பிறகு பாட்டை நாமே தேர்ந்தெடுக்கும் காலம். 1963-ல் ஃபிலிப்ஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1965-ல் அதே பில் லியரின் எட்டு டிராக் டேப் ஃபோர்டு கார்களில் வந்தது. கடைசியில் ஜெயித்தது கேசட்தான். ஃபிலிப்ஸ் நமக்குத் தூரத்துப் பெயர் இல்லை. 1959-லேயே புனேவுக்குப் பக்கத்தில் ரேடியோ தொழிற்சாலை வைத்தவர்கள்.

இருபது வாட் சுவர்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்பு கணக்குதான். 1950-களின் நடுவில் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. எஞ்சின் ஓடும்போது சுமார் 14.4 வோல்ட் கிடைக்கும். இதை நேராக 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், இரண்டு ஆம்ப்ளிஃபயரை ஜோடி சேர்த்துத் தள்ளினாலும், சுத்தமான சத்தத்துக்குக் காகிதத்தில் 26 வாட்தான் வரும். டிரான்சிஸ்டர் தின்பது போக, கையில் இருபது வாட் மாதிரி.

எழுபது, எண்பதுகளில் வந்த ஐசி சிப்புகளைப் பாருங்கள். நம்ம ஊர் ரேடியோ மெக்கானிக் எல்லோருக்கும் தெரிந்த சான்யோவின் எல்ஏ4440 ஜோடி சேர்த்தால் 19 வாட். ஃபிலிப்ஸின் டிடிஏ1554 கொடுப்பது 22 வாட். வேறு வேறு நாடு, வேறு வேறு கம்பெனி, ஆனால் எல்லோரும் முட்டி நின்றது ஒரே சுவரில். அந்தச் சுவர் 12 வோல்ட் பேட்டரி.

அப்படியானால் கார் ஸ்டீரியோவின் நெற்றியில் "50 வாட் x 4" என்று எழுதியிருக்கிறதே? முழுக்க நசுங்கிப் போன சத்தத்துக்குக் கணக்குப் போட்டால் ஐம்பது வரும். அந்தச் சத்தத்தை யாரும் பாட்டு என்று சொல்ல மாட்டார்கள் :-)

சுவரை உடைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த ஜிம் ஃபாஸ்கேட். 1973-ல் கார்களுக்கென்று தனி பவர் ஆம்ப்ளிஃபயர் விற்க ஆரம்பித்தார். இப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயர்களின் ரகசியம் அந்தப் பழைய வைப்ரேட்டர் வித்தைதான். துடிக்கும் தகட்டுக்குப் பதில் டிரான்சிஸ்டர்கள், நூறு முறைக்குப் பதில் வினாடிக்குப் பல்லாயிரம் முறை. பேட்டரி மின்சாரத்தை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, கூட்டல் 30, கழித்தல் 30 வோல்ட் என்று ஆக்கிவிட்டால், அதே 4 ஓமில் நூறு வாட் வரும்.

சத்தம் வந்தது. கூடவே சூடும் வந்தது. அந்த வகை ஆம்ப்ளிஃபயர்கள் ஏபி கிளாஸ். நடைமுறையில் வாங்குகிற மின்சாரத்தில் பாதிதான் ஸ்பீக்கருக்குப் போகும். மீதி அலுமினியப் பட்டைகளில் சூடாக வெளியேறும். கார் ஆம்ப்ளிஃபயர் என்றாலே நீளமான, பட்டை பட்டையான அலுமினியக் கட்டி என்று நம் மனதில் இருக்கிறதே, அதன் காரணம் அழகு இல்லை.

சரி, ஸ்பீக்கருக்குப் போன பாதியாவது சத்தமாகிறதா என்றால் அதுவும் இல்லை. சின்னப் பெட்டிக்குள் இருக்கும் சப்வூஃபர் தனக்கு வருவதில் ஒரு சதவீதம் போலத்தான் சத்தமாக்கும். மீதி அதன் காயிலில் சூடு. செம்பு சூடானால் அதன் தடை கூடும், 100 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 40 சதவீதம். அதனால்தான் அரை மணி நேரம் அலறவிட்ட சப்வூஃபர் ஆரம்பத்தில் அடித்த மாதிரி அடிக்காது. அப்பாவின் கூம்பு ஸ்பீக்கர் பத்து சதவீதத்துக்கு மேலேயே சத்தமாக்கும். அவருடைய 40 வாட் பக்கத்து ஊருக்குக் கேட்டதும், என் ஆம்ப்ளிஃபயர் காருக்குள் மட்டும் அதிர்ந்ததும் இதனால்தான்.

பிம்ப்ரி பக்கம்

இந்தக் கதையில் நம் பிம்ப்ரி எங்கே வருகிறது? 1954-ல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்த ஊர் இது. 1966-ல் டெல்கோ இந்தப் பக்கம் தொழிற்சாலை போட்டது. பிழைக்க வந்த நம்மவர்கள் பலரும் இந்த மாதிரி ஆலைகளையும் அவற்றின் உதிரிபாகப் பட்டறைகளையும் நம்பி வந்தவர்கள்தான், நானும் சேர்த்து. 1998 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் காட்டிய இண்டிகா உருவானது இங்கேதான். 2003-ல் டெல்கோ என்ற பெயர் டாடா மோட்டார்ஸ் ஆனது. 2018-ல் இண்டிகாவும் நின்றுபோனது.

நம் நாட்டில் மத்தியதர வீடுகளுக்குக் கார் வந்ததே 1983 கடைசியில் மாருதி 800 வந்த பிறகுதான். இண்டிகா வந்த காலத்திலும் விலை குறைந்த மாடல்களில் ஸ்டீரியோ இருக்காது. டேஷ்போர்டில் ஒரு ஓட்டையை மூடி வைத்துக் கொடுப்பார்கள். மிச்சத்தை வெளியே மாட்டிக் கொள்ள வேண்டியதுதான். புத்வார் பேட்டில் தாப்கீர் கல்லிக்குப் போனவர்களுக்குத் தெரியும், நம் ரிச்சி தெருவின் மராத்தி அண்ணன் தம்பி அது. 1992-ல் ரோஜா வந்த பிறகு நம் பிள்ளைகளின் காது அடி சத்தத்துக்குப் பழகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். கேட்ட சத்தம் காரிலும் வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்த வேகத்தில் ஒயர் கட்டும் அறிவு வரவில்லை. 1200 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் வந்தன. 2003-ல் அமெரிக்காவில் சிஇஏ 2006 என்று ஒரு அளவுமுறை வந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்குள் சிதைவு, இந்த நிபந்தனையில் வருவதுதான் வாட் என்றது. அந்த எண் அச்சடித்திருக்கும் பெட்டியைத் தேடி வாங்குவது நல்லது.

டி கிளாஸ்

சூட்டுக்கு உண்மையான மருந்து டி கிளாஸ். டி என்றால் டிஜிட்டல் இல்லை. ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். டிரான்சிஸ்டரைப் பாதி திறந்த குழாயாக வைப்பதால்தான் சூடு. முழுசாகத் திற, அல்லது முழுசாக மூடு, இதை வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை செய், கடைசியில் ஒரு காயிலால் வடிகட்டி பாட்டை எடு, என்பது இதன் தத்துவம். 1964-ல் இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் எக்ஸ்-10 என்று ஒரு கிட் விற்றார். பத்து வாட் என்று விளம்பரம், கிடைத்தது அதில் கால்வாசி. அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் இல்லை. மாஸ்ஃபெட் என்ற வேகமான ஸ்விட்சு மலிவாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்களில் அது முதலில் பரவலாக நுழைந்தது சப்வூஃபருக்குத்தான். அடி சத்தம் மெதுவான அலை என்பதால் இந்த முறை அதற்கு எளிதில் பொருந்தியது.

வித்தியாசத்தைப் பாருங்கள். சப்வூஃபருக்கு 400 வாட் கொடுக்க ஏபி கிளாஸ் 800 வாட் வாங்கும். பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 57 ஆம்பியர், ஆம்ப்ளிஃபயரில் 400 வாட் சூடு. 85 சதவீதத் திறனுள்ள டி கிளாஸ் 470 வாட் வாங்கும், 34 ஆம்பியர், சூடு 70 வாட். பாட்டு எப்போதும் உச்சத்தில் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் மே மாசம் மூடின காருக்குள் ஏற்கெனவே அறுபது டிகிரி இருக்கும்போது இந்த மிச்சம் பெரிசு.

நாங்கள் மாற்றியது

2010 கோடைக்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றினோம். அப்பாவை மறுபடி இங்கே வரவழைத்திருந்தேன். ஒயர் வேலையை அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். நிஜமான 250 வாட் டி கிளாஸ் ஒன்று வாங்கினேன். பழையதன் ஸ்டிக்கரில் இருந்ததில் கால்வாசி. சத்தம் குறையவில்லை.

பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் போட்டோம். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஆம்ப்ளிஃபயரை இல்லை, ஒயரை. ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால், ஃப்யூஸ் இல்லாத பேட்டரி அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும். ஒயர் தடித்த செம்பு. செம்புப் பூச்சு பூசின அலுமினியம் பார்க்க அதே மாதிரி இருக்கும், விலை பாதி. ஆனால் அலுமினியம் செம்பு கடத்துவதில் 60 சதவீதம் போலத்தான் கடத்தும். கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், அப்பா அப்படித்தான் ஒன்றைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். எர்த் ஒயரை முடிந்த அளவு குட்டையாக, பெயிண்டைச் சுரண்டி நேராக இரும்பில் இறுக்கினோம்.

ஆம்ப்ளிஃபயரை டிக்கியின் பக்கவாட்டில் ஒரு ப்ளைவுட் பலகையில், பட்டைகள் மேலும் கீழும் ஓடும்படி நிறுத்தினோம். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி. சூடான காற்று தானாக மேலே போகும், கீழிருந்து புதுக் காற்று வரும். படுக்கப் போட்டு விரிப்பால் மூடினால் இது நடக்காது. தலைகீழாக மாட்டினால் சூடு உள்ளேயே திரும்பும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள், 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு.

சப்வூஃபரை 4 ஓமிலேயே ஓட்டினோம். கடைக்காரர் 2 ஓமாக இணைத்தால் இன்னும் அடிக்கும் என்றார். அடிக்கும், கரண்டும் இரட்டிப்பாகும். கெயின் என்ற திருகை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்புவதுதான் நம்மில் பலர் செய்யும் தப்பு. அது ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் அளவு பொருத்துவதற்கு மட்டும். பாட்டு சிதையத் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்தினோம்.

இன்னொன்றும் அப்பா சொன்னார். பின்சீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கும்போது இவ்வளவுதான் என்று ஸ்டீரியோவில் ஒரு எண்ணைக் காட்டினார். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் கணக்குப்படி 85 டெசிபல் எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் பதினைந்தே நிமிஷம். இந்தக் கணக்கு அப்பாவுக்குத் தெரியாது. தன் காதைத் தெரியும்.

2010 மே, அதே சித்ரதுர்கா, அதே மதிய வெயில். அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். டிக்கியைத் திறந்து ஆம்ப்ளிஃபயர் மேல் உள்ளங்கையை வைத்து, வாய்விட்டு ஒன்று முதல் பத்து வரை எண்ணினார். மைக் செட் காலத்திலிருந்து அவருடைய தெர்மாமீட்டர் அதுதான். பத்து எண்ணும்வரை கை தாங்கினால் செட் தாங்கும், அஞ்சிலேயே கையை எடுத்தால் செட்டை அணைத்துவிட வேண்டும்.

"சரிதாம்ல, போடு" என்றார். மதுரை வரைக்கும் தொடையில் தாளம்.

அப்பா 2016-ல் காலமானார். இண்டிகாவையும் விற்றாகிவிட்டது. இப்போதைய காரிலும் ஒரு சின்ன டி கிளாஸ் இருக்கிறது, சூடே ஆவதில்லை. இருந்தாலும் ஊருக்குப் போகும் வழியில் டீ குடிக்க நிறுத்தினால் டிக்கியைத் திறந்து கையை வைத்துப் பத்து எண்ணுகிறேன். போன வருஷம் பார்த்தேன், எனக்கு முன்னால் என் பையன் எண்ணிக் கொண்டிருந்தான்.

டிஸ்கி: இந்த லீவுக்குக் காரில் ஊருக்குக் கிளம்புகிறவர்கள், வெளியே சப்வூஃபர் மாட்டியிருந்தால், பானட்டைத் திறந்து பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு நிமிஷ வேலை.